லென்ஸுக்கு முன்னால் ஒரு கை

அடைக்கலசாமியைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆளைப் பார்த்தால் ஒரு விசேஷமும் இல்லை. ஒல்லி உடம்பு, நாற்பத்தாறு வயது, கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு, புரொஜெக்டரின் கார்பன் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சிவந்துபோன கண்கள். ஆனால் அந்த வலது கை இருக்கிறதே, அது சென்சார் போர்டுக்கும் மேலே இன்னொரு போர்டாக உட்கார்ந்து ஆரணி நாகநதி டாக்கீஸை ஆட்டிவைத்த கை.

விஷயம் இதுதான். அடைக்கலசாமி அந்தக் கொட்டகையின் ஆபரேட்டர். படத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் ரொம்ப நெருங்கி வந்துவிட்டாலோ, எவளாவது மழையில் நனைந்து பாட ஆரம்பித்தாலோ, மனிதர் ஸ்டூலை விட்டு எழுந்து லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்துவிடுவார். திரை இருண்டுபோகும். இடது கை சத்தத்தையும் அடியோடு குறைத்துவிடும். பார்க்கக் கூடாததைக் கேட்கவும் கூடாது என்பது அவர் கட்சி. தரை டிக்கெட்டில் விசில் கூரையைப் பிய்க்கும். "யோவ் அடைக்கலம், கைய எடுய்யா!" என்று கூப்பாடு போடுவார்கள். அவர் காதில் வாங்கியதே கிடையாது.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மறைக்கிற நேரத்தில் அவர் தானும் பார்க்க மாட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவார். நிதானமாகச் சொன்னால் ஒன்றுக்குப் பதினைந்து விநாடி. படப்பெட்டி வந்த அன்றைக்கே சுருள்களை மேசையில் ஏற்றிக் கையால் சுற்றிப் பார்த்து, ஆகாத காட்சி வருகிற இடத்தில் ஒரு சிவப்புப் பட்டு நூலைச் செருகிவிடுவார். எத்தனை அடி நீளம் என்று அளந்து, அதற்கு எத்தனை மரியே என்று கணக்குப் போட்டு, டப்பாவின் மேல் பென்சிலால் எழுதி வைப்பார். 'ஆறாம் ரீல், நாலு மரியே.' படம் ஓடும்போது நூல் தலைகாட்டினால் கை எழும்பும். மரியே முடிந்தால் கை இறங்கும். இருபது வருஷத்தில் ஒரு விநாடி பிசகியதில்லை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. நெசவுக்காரர் வீடுகளில் அன்றைக்குத்தான் பெண்களுக்கு மூச்சு விட நேரம். தலைக்குக் குளித்து, சமைத்து இறக்கிவிட்டு, தெருத் தெருவாகக் கிளம்பி மேட்னிக்கு வருவார்கள். அப்படி ஒரு அமாவாசை மேட்னியில், கல்யாணமான புதிதில், அடைக்கலசாமியின் மனைவி அந்தோணியம்மாளும் நெசவுக்காரப் பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு குளியல் காட்சி வந்தது. இத்தனை பெண்கள் தலையைக் குனிந்துகொண்டதை ஆபரேட்டர் அறையின் சுவர் ஓட்டை வழியே பார்த்ததும் அவருக்கு என்னமோ தன் வீட்டு மானமே போகிறாற்போல் இருந்தது. கை தானாகப் போய் லென்ஸை மூடியது. அவ்வளவுதான். மறுநாள் நாலு பெரியவர்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், பேர் சொல்லாமல், நம் பங்கில் ஒரு மனிதர் என்று பிரசங்கத்தில் சொன்னார். பாராட்டு என்பது பொல்லாத சமாச்சாரம். ஒரு தடவை வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு கையைக் கீழே இறக்க முடியாது.

ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாமியார்கள் மருமகள்களைத் தைரியமாகப் படத்துக்கு அனுப்பினார்கள். "அடைக்கலம் கை கீதே, இன்னா பயம்?" என்று அந்த ஊரில் ஒரு பேச்சே இருந்தது.

இனி அந்தோணியம்மாள். அவள் நெசவுக்காரி இல்லை. தெருக்கோடியில் இருந்த கற்பகத்தின் தறிக்கு வீட்டிலிருந்தே பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவள். ராட்டை முன்னால் உட்கார்ந்தால் கை நூலில் இருக்கும், வாய் பேச்சில் இருக்கும். கலகலவென்ற பெண். அடைக்கலசாமி செருகுகிற சிவப்பு நூலெல்லாம் அவள் சுற்றி முடித்த மிச்சம்தான். மூத்தவன் ராணிப்பேட்டையில் வேலைக்குப் போய்விட்டான். பெண்பிள்ளைகள் இரண்டும் போளூரில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தார்கள்.

நாலாவதாக ஒரு குழந்தை எழுபதாம் வருஷம் வேலூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டு, ஒரு நாள் இருந்துவிட்டுப் போனது. அந்தோணியம்மாளும் போயிருக்க வேண்டியவள். பிழைத்ததே மாதா புண்ணியம். வராந்தாவில் வைத்து டாக்டரம்மா அடைக்கலசாமியிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இன்னொரு பிள்ளை வந்தா இந்த அம்மா தாங்க மாட்டாங்க." அன்றைக்கு அவர் முடிவு பண்ணினார். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றால் சாமியார் அதைப் பாவம் என்பார். பின்னால் எமர்ஜென்சியில் அதற்கு ஆள் பிடிக்க ஜீப் வந்தபோது திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட மனிதர் அவர். ஆக அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். ஏன் என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் இதைப் போய் எந்த வாயால் பேசுவது என்று கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்தால் மனசு இளகிவிடும் என்று பக்கத்தில் உட்காருவதையும் விட்டார். தட்டைக் கூடக் கையில் வாங்க மாட்டார். கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்.

ஒன்பது வருஷம். பேசிப் பேசிச் சிரித்த அந்தோணியம்மாள் வீட்டுக்குள் அவர் நுழைந்தால் கம்மென்று ஆகிவிடுவாள். முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றிச் செருகிக்கொள்வாள். அவர் அதையும் பார்த்தார். கோபக்காரியாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மடையன் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லியே விடலாம், மடையன்தான். ஆனால் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மடையன் வேறு எதையும் அந்த ஒன்பது வருஷமும் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் 'தாழ்ப்பாள்' வந்தது.

வருவதற்கு முன்னாலேயே அந்தப் படத்தின் பேர் நாறிக்கொண்டிருந்தது. கல்யாணமான ஒரு பெண் புருஷனை விட்டு இன்னொருவனிடம் போகிற கதை. சென்சாரில் இரண்டு வருஷம் கிடந்தது. ஆயிரத்து நூறு அடியை வெட்டினார்கள், எடுத்தவன் மேலே போய் முறையிட்டான், திரும்பப் பார்த்தார்கள், பத்திரிகையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். அத்தனை வருஷமாக நல்ல மருமகளாகவும் பொறுமைசாலி அக்காவாகவும் நடித்துக்கொண்டிருந்த நடிகை இதில் முதுகைக் காட்டியிருக்கிறாள் என்று மெட்ராஸே அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அதில் முக்கோணம் போட்டிருந்தது. முக்கோணம் இருந்தால் வெட்டு வாங்கிய படம் என்பது ஆரணியில் சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

அடைக்கலசாமி சுருள்களைச் சுற்றிப் பார்த்தார். ஒன்பதாம் ரீலில் அந்தப் பெண் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். புருஷன் கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அவள் கை தோளுக்குப் போகிறது, முந்தானை நழுவுகிறது, முதுகு தெரிகிறது. மேசைமேல் சுற்றும்போது படம் மட்டும்தான் தெரியும், பேச்சு கேட்காது. அவர் அதற்கு மேல் பார்க்கவும் இல்லை. "சீச்சீ" என்று சொல்லி, அந்தக் காட்சி முடிகிற இடம் வரை அடியை மட்டும் அளந்து, சிவப்பு நூலைச் செருகினார். 'ஒன்பதாம் ரீல், எட்டு மரியே.' இரண்டு நிமிஷம்.

ஆனி அமாவாசை மேட்னிக்குப் பெண்கள் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு வந்தது. இந்தப் படத்துக்கு இவர்கள் எப்படி வரலாம் என்று கேட்டால், பதில் தெரிந்ததுதான். மேலே அடைக்கலசாமி இருக்கிறார். அந்தோணியம்மாளும் கற்பகத்தோடு வந்திருந்தாள். ஒன்பதாம் ரீலில் தாழ்ப்பாள் விழுந்தது, நூல் தலைகாட்டியது, கை போனது. எட்டு மரியே இருட்டு. கை இறங்கியபோது அந்தப் பெண் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அடுத்த ரீலில் வீட்டை விட்டே போய்விட்டாள். படம் விட்டதும் வாசலில் பெண்கள் அவளை வறுத்து எடுத்தார்கள். தின்ன சோறும் உடுத்தத் துணியும் குறைவில்லாதபோது ஓடிப்போனாளே, கொழுப்பெடுத்தவள்!

ஆறு மணி ஷோவுக்கு முன்னால் காப்பி குடிக்க அடைக்கலசாமி வீட்டுக்கு வந்தார். அந்தோணியம்மாள் டம்ளரை வழக்கம்போல் கீழே வைத்தாள். ஆனால் உள்ளே போகவில்லை.

"இந்தாங்க, ஒண்ணு கேக்கணும்."

அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை. "இன்னா?" என்றார்.

"அந்தப் பொம்பள கதவச் சாத்தி தாழ்ப்பா போட்டாளே, அப்பால இன்னா சொன்னா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? அசிங்கம்."

"எல்லாரும் அவள வாய்க்கு வந்தபடி ஏசிகினு வந்தாளுங்க. எனக்கு அப்பிடித் தோணல. உள்ள போறப்ப அழுதுகினு போறா. வெளிய வர்றப்ப கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. நடுவுல என்னமோ கேட்டிருக்கா. வாயத் தொறந்தத நான் பார்த்தேன், அதுக்குள்ள உங்க கை வந்துடுச்சி."

"அசிங்கம்னு சொல்றேன் இல்ல?"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எதுக்குப் பார்க்கறேன்? கண்ண மூடிகினு இருந்தேன்."

"கேட்டீங்களா?"

"சத்தத்தக் கொறச்சிட்டேன்."

"பார்க்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. அப்ப அசிங்கம்னு எப்பிடித் தெரியும்?"

அவர் டம்ளரை வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. சோறு போடும்போது ஒரு பார்வை, ராட்டையை நிறுத்திவிட்டு ஒரு பார்வை. ஒரு சினிமாப் பெண் பேசின நாலு வார்த்தைக்கு இவளுக்கு ஏன் இத்தனை ஏக்கம் என்று அவருக்குப் பேஜாராக இருந்தது.

ஊரில் நடந்ததோ வேறு கூத்து. இரண்டு நிமிஷ இருட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அடைக்கலமே எட்டு மரியே மூடுகிறார் என்றால் சும்மாவா? மெட்ராஸில் வெட்டின ஆயிரத்து நூறு அடியும் ஆரணிப் பெட்டியில்தான் வந்திருக்கிறது என்றான் ஒருவன். காலைக் காட்சிக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கையை எடுத்துவிடுகிறார் என்றான் இன்னொருவன். கலசப்பாக்கத்திலிருந்தும் சந்தவாசலிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எந்தப் படமும் ஓடாத நாகநதி டாக்கீஸில் 'தாழ்ப்பாள்' நாலாவது வாரத்தைத் தொட்டது. இருட்டைப் பார்ப்பதற்கு அத்தனை கூட்டம்! முதலாளி மணவாளனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனது. ரிட்டயர்டு வாத்தியார் சக்கரவர்த்தி தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டார். நாகநதி டாக்கீஸில் சென்சார் வெட்டிய ஆபாசத் துண்டுகளைச் சேர்த்து ஓட்டுகிறார்கள், ஆபரேட்டர் உடந்தை, நடவடிக்கை எடுக்கவும் என்று. சக்கரவர்த்தி கெட்டவர் இல்லை. தெருவில் சாக்கடை தேங்கினாலும் மனு எழுதுவார், இதற்கும் எழுதினார்.

"துண்டு இருக்குதுன்னு கண்டுபுடிச்சா கொட்டாய சீல் வெச்சிடுவாங்க. உன் ஆபரேட்டர் லைசென்சும் போயிடும்," என்றார் மணவாளன். "மறைக்கறேன் மறைக்கறேன்னு இப்பிடி மாட்டி வுட்டியே, அடைக்கலம்!"

அடைக்கலசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷமாக ஊர் மானத்தைக் காத்தவன் மேல் ஆபாசம் காட்டினான் என்று மனுவா? அன்றைக்கு மாதா கோயிலுக்குப் போனார், மண்டியிட்டார், ஒரு மரியே கூட வாயில் வரவில்லை. வீட்டில் சொன்னபோது அந்தோணியம்மாள் ராட்டையை நிறுத்தினாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "இப்பவாச்சும் கண்ணத் தொறந்து பாருங்க."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துணைத் தாசில்தார் ராஜவேலு வந்தார். சின்ன வயசு, கறார் பேர்வழி. சர்ட்டிபிகேட் நகலும், எந்த ரீலில் எத்தனை அடி வெட்டு என்ற பட்டியலும் அவர் கையில் இருந்தன. காலிக் கொட்டகையில் அவரும் சக்கரவர்த்தியும் மணவாளனும் மட்டும் உட்கார்ந்தார்கள். படியேறி வந்து ஆபரேட்டர் அறைக்குள் தலையை நீட்டி ராஜவேலு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"கை லென்ஸ் பக்கம் வரக் கூடாது. சத்தத்தையும் குறைக்கக் கூடாது. புரியுதா?"

எட்டு ரீல் ஓடியது. ஒன்பதாவதில் தாழ்ப்பாள் விழுந்தது. சிவப்பு நூல் தலைகாட்டி உதிர்ந்தது. அடைக்கலசாமியின் வலது கை பழக்கத்தில் பாதி தூரம் எழும்பிவிட்டது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடலாம் என்றால், துண்டு இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரிய வேண்டும். ஓட்டை வழியே பார்த்தார்.

திரையில் அந்தப் பெண் முந்தானையை நழுவவிட்டு நின்றாள். முதுகு முழுக்க நெருப்புப் பட்ட தழும்பு. அடுப்படியில் எப்போதோ தீப்பிடித்த தழும்பு. புருஷன் திரும்பவே இல்லை.

"கதவச் சாத்திட்டேன்," என்றாள் அவள். "இப்ப நம்ம ரெண்டு பேர்தான். ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க. என் உடம்பு உங்களுக்கு அருவருப்பா இருக்கா?"

புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். விளக்கை அணைச்சிட்டுத் தூங்கிடறேன்."

மேஜைக் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள். எட்டு மரியேயில் ஐந்து மரியே அந்தக் காத்திருப்புதான். பிறகு முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்து, தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அடைக்கலசாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொள்ளும் ஒருத்தியின் முகம் அவருக்கு முன்னால் வந்து நின்றது. கோபம் என்று அவர் நினைத்தது கோபமே இல்லை. ஐயோ, இதைத்தான் கேட்டாளா! இதைக் கேட்கத்தான் அவள் அந்தப் பெண் என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று என்னைத் துளைத்தாளா! அடுத்த ரீலுக்கு மாற்ற வேண்டிய நேரம் வந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பிசகிவிட்டது. திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம் ஓடியது.

படம் முடிந்து அவர் கீழே இறங்கி வந்தபோது ராஜவேலு பட்டியலை மடித்துக்கொண்டிருந்தார். "போர்டு சொன்ன அடிக்கு ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை," என்றார். அப்புறம் அடைக்கலசாமி பக்கம் திரும்பினார். "போர்டு ரெண்டு வருஷம் சண்டை போட்டு வெட்டுனது போக, இது இருக்கணும்னு விட்ட இடம் இது. இதை வெட்ட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தாங்க?"

"தப்புதாங்க," என்றார் அடைக்கலசாமி.

சக்கரவர்த்தி வாத்தியார் கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு, "இன்னாய்யா இது, இதப் போயா மறைச்ச?" என்று கேட்டுவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டதாக மறுநாள் சொல்லி அனுப்பினார். குடையை எடுத்துப்போகவும் ஆள் வந்தது.

அதற்கப்புறம் எண்பத்தாறில் கண்பார்வை குறைந்து வேலையை விடுகிற வரைக்கும் அடைக்கலசாமியின் கை லென்ஸுக்கு முன்னால் போகவில்லை. இடையில் எத்தனையோ கண்றாவிப் படங்கள் வந்தன. காலைக் காட்சிக்கென்றே எடுத்த படங்களும் வந்தன. அதையெல்லாம் ஓட்ட மாட்டேன் என்று முதலாளியிடம் நேராகச் சொன்னார், சில தடவை ஜெயித்தார், சில தடவை தோற்றார். ஆனால் ஓட்டினால் முழுசாகத்தான் ஓட்டினார். சாமியார் கூப்பிட்டுக் கேட்டபோதும், "பார்க்காத ஒண்ண அசிங்கம்னு சொல்லிட்டேன், சாமி. அதுதான் என் பாவசங்கீர்த்தனம்," என்றார். இதெல்லாம் பின்னால் நடந்தது. நமக்கு வேண்டியது ஆடி அமாவாசை.

ஐந்தாவது வாரம், படத்தின் கடைசி நாட்கள். சோதனை நடந்த வியாழன் முதல் அமாவாசை வரை அடைக்கலசாமி வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்க முயற்சி செய்தார். மூன்று தடவை ராட்டைக்கு எதிரில் போய் நின்று, மூன்று தடவையும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தார். கடைசியில் அமாவாசை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மேட்னிக்கு வா. கை வெக்க மாட்டேன்."

ஆடி அமாவாசை. ஆற்றில் குளித்துப் படைத்துவிட்டு வந்த பெண்கள் ஈரத்தலையோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் திட்டுவதற்குத் தயாராக வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஒன்பதாம் ரீல் வந்தது. அடைக்கலசாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். திரை இருளவில்லை. "என் உடம்பு உங்களுக்கு அருவருப்பா இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டபோது கொட்டகையில் ஒரு இருமல் சத்தம் இல்லை. அந்த நீண்ட காத்திருப்பில் யாரோ ஒருத்தி, கற்பகம் மாதிரிதான் இருந்தது, தாங்க முடியாமல் திரையைப் பார்த்துக் கத்தினாள். "வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்யா!"

அந்தோணியம்மாள் எந்த வரிசையில் இருக்கிறாள் என்று அவர் தேடினார். இருட்டில் தெரியவில்லை.

படம் விட்டபோது ஐந்தரை மணி. மேட்னிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவில் அவர் ஓடி வந்து காப்பி குடித்துவிட்டு ஓடுகிறவர். அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. கீழே இறங்கி வாசலில் நின்றார். பெண்கள் இந்தத் தடவை யாரையும் ஏசவில்லை. நெல் அவிக்கிற மில் சுவரோரமாக நடந்தார்கள். அந்தோணியம்மாள் கடைசியாக வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவர் கூடவே நடந்தார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"நீ ஏன் எங்கிட்ட கேக்கல, அந்தோணி?"

"அவளுக்கு வசனம் எழுதிக் குடுக்க ஆள் கீறாங்க, கேட்டா. எனக்கு யாரு கீறாங்க?" அவள் நடையை நிறுத்தவில்லை. "அதுவும் இல்லாம, அவன மாதிரி நீங்களும் சொவரப் பார்த்துட்டா இன்னா பண்றது?"

அவர் நின்றுவிட்டார். தெரு நடுவில், ஆறு மணி ஷோவுக்கு டிக்கெட் வாங்கக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், ஒன்பது வருஷத்துப் பேச்சு அப்படியே உடைத்துக்கொண்டு வந்தது.

"அருவருப்பு இல்ல. மாதா மேல ஆணையா இல்ல. டாக்டரம்மா சொன்னாங்க, இன்னொரு புள்ள வந்தா நீ தாங்க மாட்டேன்னு. எனக்குப் பயம். நீ செத்துப் போயிடுவேன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல, அந்தோணி. பயம்தான்."

அந்தோணியம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா எங்கிட்டயும்தான் சொன்னாங்க," என்றாள். "மொதல்ல எங்கிட்டதான் சொன்னாங்க. புள்ள வேணாம்னு சொன்னாங்க. பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொன்னாங்களா? தட்டக் கையில வாங்கக் கூடாதுன்னு சொன்னாங்களா? சொரம் வந்து படுத்துக் கெடந்தப்ப நெத்தியில கை வெக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா? ஒம்போது வருஷமா இந்த வயித்துத் தழும்ப மறைச்சிகினு திரிஞ்சேன், அதப் பார்த்துதான் உங்களுக்குக் கொமட்டுதுன்னு."

அவள் அழுதாள். நடுத்தெருவில், ஊர் பார்க்க, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அடைக்கலசாமியின் வலது கை தானாக எழும்பியது. அதைக் கொண்டுபோய் அவள் தலைமேல் வைத்தார். ஈரம் காயாத தலை. அவள் விலகவில்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்த கற்பகமும் மற்றப் பெண்களும் திரும்பி நின்றுவிட்டார்கள். டிக்கெட் வரிசையிலிருந்து எவனோ பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்தான்.

"யோவ் அடைக்கலம், கைய எடுய்யா!"

அவர் எடுக்கவில்லை. அன்றைக்கு ஆறு மணி ஷோ இருபது நிமிஷம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.